பல வரிச் சமன்பாடுகளுக்கு எண்ணிடுதல்: ஒரு தமிழ்ப் பாடக்குறிப்பை லாடெக்கில் அச்சுக்கோத்த அனுபவம்

இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கான மின்காந்தவியல் பாடக்குறிப்பு ஒன்றை லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழில் அச்சுக்கோக்கும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. குறிப்பின் நடுவே புதிதாக ஒரு சமன்பாட்டைச் சேர்த்தால் அதற்குப் பின்வரும் எண்கள் அனைத்தும் தாமாகவே மாறுகின்றன; அவற்றைச் சுட்டும் இடங்களும் தவறாமல் உடன் மாறுகின்றன. ஒற்றை வரிச் சமன்பாடுகளைப் பொறுத்தவரை இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டவை பல வரிகளில் நீளும் வருவிப்புகளே. எந்த வரிக்கு எண் தருவது, எண்ணை எந்த உயரத்தில் வைப்பது, தொகுதி முழுவதையும் ஓர் எண்ணால் சுட்டுவது எப்படி, தமிழ் வேற்றுமை உருபை அந்த எண்ணோடு ஒட்டுவது எப்படி என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக விடை காண வேண்டியிருந்தது. அந்த வேலையின் படிகளை, பயன்படாமல் போன வழிகளையும் சேர்த்து, வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மூலப்பிரதி, பேராசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சொற்செயலியில் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருந்தது. அதில் சமன்பாட்டு எண்கள் எல்லாம் கையால் இடப்பட்டவை. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி கூடினால் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை எண்களைத் திருத்த வேண்டும், பிற அத்தியாயங்களில் "சமன்பாடு (2.14)-இன்படி" என்று வரும் இடங்களையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். மாணவர்கள் கையில் இருந்த படிகளில் சில சுட்டுகள் வேறு சமன்பாடுகளைக் காட்டிக்கொண்டிருந்ததே இந்த வேலையைத் தொடங்கக் காரணமாயிற்று.

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. லாடெக்கை உள்ளடக்கிய டெக் லைவ் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முழுமையாக நிறுவினால் வன்தட்டில் பல ஜிபி இடம் பிடிக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ் எழுத்துகளுக்காக ஸீலாடெக், எழுத்துரு அமைப்புக்கு ஃபான்ட்ஸ்பெக், சமன்பாடுகளுக்கு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஏஎம்எஸ்மேத் பொதி (பொதி என்பது லாடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்பு), எழுதுவதற்கு டெக்ஸ்டுடியோ ஆகியவை போதுமாக இருந்தன. தாள் ஏ4, இருபுறமும் 30 மி.மீ. ஓரம் விட்டு எழுத்தின் அகலத்தை 150 மி.மீ. என்று வைத்தோம், எழுத்தின் அளவு 12 புள்ளி (பாயிண்ட்). பணம் செலவானது ஜெராக்ஸ் கடையில் எடுத்த மெய்ப்புப் படிகளுக்கு மட்டுமே. திரையில் கண்ணுக்குத் தப்பிய எண் பிழைகள் பலவும் காகிதத்தில்தான் அகப்பட்டன என்பதால் அதை வீண் செலவாக நான் கருதவில்லை.

பேராசிரியரிடம் இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் பழைய லாடெக் கோப்புகள் இருந்தன. அவற்றில் பல வரிச் சமன்பாடுகள் எல்லாம் ஈக்யுஎன்அர்ரே என்ற சூழலில் (தொடக்கக் கட்டளைக்கும் முடிவுக் கட்டளைக்கும் இடைப்பட்ட பகுதியை லாடெக்கில் சூழல் என்பர்) எழுதப்பட்டிருந்தன. அது லாடெக்கின் ஆரம்பக் காலத்திலிருந்தே கூடவே வருவது. பொதி எதையும் சேர்க்காமலேயே இயங்கும் என்பதால் பழைய கோப்புகளில் இன்றும் அடிக்கடி தட்டுப்படுகிறது. முதலில் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தோம். முதல் மெய்ப்பை எடுத்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. ஒற்றை வரிச் சமன்பாட்டில் சமக்குறியின் இருபுறமும் சுமார் 3.3 புள்ளி, அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளி விழுகிறது. ஈக்யுஎன்அர்ரேயிலோ, அட்டவணை நெடுவரிசைகளுக்கான 5 புள்ளி இடைவெளி இரட்டிப்பாகி, சமக்குறியின் ஒவ்வொரு பக்கமும் 10 புள்ளி, ஏறத்தாழ 3.5 மி.மீ., விழுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் அடுத்தடுத்து வரும்போது, காரணம் தெரியாத வாசகருக்கும் ஏதோ கோணலாக இருப்பது புலப்படும். அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. நெடுவரிசை இடைவெளியின் அளவை மாற்றிவிடலாம். ஆனால் அப்படி மாற்றினால் அதே அளவைப் பயன்படுத்தும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) நெருக்கமாகிவிடுகின்றன. இவற்றைவிடக் கடுமையான குறை, வரி நீண்டால் எண் அதன் மேலேயே அச்சாகிவிடுவது. எண்ணைக் காட்டுவதற்காகவே இருக்கும் ஒரு சூழலில் எண்ணைப் படிக்க முடியாமற்போவதை ஏற்பதற்கில்லை. எனவே இரண்டு அத்தியாயங்களிலும் அதை முற்றாக நீக்கிவிட்டு, ஏஎம்எஸ்மேத் பொதியின் அலைன் சூழலுக்கு மாற்றினோம். வரியில் இடம் போதவில்லை என்றால் அலைன் எண்ணைத் தானே தனி வரிக்கு நகர்த்திவிடுகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஈக்யுஎன்அர்ரேயில் சமக்குறியின் இருபுறமும், வரிகளை நேர்படுத்தும் இடத்தைக் காட்டும் & குறி வரும்; அலைனில் சமக்குறிக்கு முன்னால் ஒன்று மட்டுமே வர வேண்டும். இரண்டாவதையும் விட்டுவைத்தால் சமன்பாட்டின் வலப்பகுதி பக்கத்தின் மறுகோடிக்கு விலகிப்போய் நிற்கும். அடுத்தது, ஒரு வரியை முடித்து அடுத்ததைத் தொடங்கும் \\ குறி கடைசி வரியின் முடிவிலும் பழக்கத்தால் இடப்படுவது. அது இருந்தால் அலைன் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருப்பதாகக் கொண்டு, ஒன்றும் இல்லாத வெற்று வரிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். பக்கத்தின் வலது ஓரத்தில் அநாதையாக (2.9) என்று மட்டும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, கோப்பு முழுவதிலும் அலைன் முடியும் இடங்களைத் தேடி அந்தக் குறியை அகற்றினோம். சூழலுக்குள்ளே வெற்று வரி விடக்கூடாது என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். விட்டால் கோப்பு இயங்காமல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும் என்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது.

அடுத்த சிக்கல், அலைன் எல்லா வரிகளுக்கும் எண் கொடுத்துவிடுவது. வெற்றிடத்தில் மின்புலத்துக்கான அலைச் சமன்பாட்டை வருவிக்கும் பகுதியில் ஏழு வரிகள் உள்ளன. ஃபாரடே விதிக்குக் கர்ல் (புலத்தின் சுழற்சியைத் தரும் வகையீட்டுச் செயல்) எடுத்து, காலத்தைச் சார்ந்த வகைக்கெழுவை வெளியே கொண்டுவந்து, காந்தப்புலத்தின் கர்லுக்கு ஆம்பியர்–மேக்ஸ்வெல் விதியைப் பதிலிட்டு, டைவர்ஜென்ஸ் சுழியாவதால் ஓர் உறுப்பு விலகி, கடைசி வரியில் அலைச் சமன்பாடு கிடைக்கிறது. பிற இடங்களில் சுட்டப்படுவது அந்தக் கடைசி வரி மட்டுமே. ஏழு வரிகளுக்கும் எண் வந்தபோது வலது ஓரம் எண்களால் நிறைந்து, முக்கியமான எண் கூட்டத்தில் மறைந்துபோனது.

இதற்கு முதலில் ஸ்ப்ளிட் என்பதைப் பயன்படுத்தினோம். ஒற்றைச் சமன்பாட்டுக்கான ஈக்யுவேஷன் சூழலுக்குள் ஸ்ப்ளிட்டை வைத்தால் வரிகள் எத்தனை இருந்தாலும் மொத்தத்துக்கும் ஓர் எண்தான் கிடைக்கும். இயல்பான அமைப்பில் அந்த எண் தொகுதியின் நடு உயரத்தில் நிற்கும். மூன்று வரித் தொகுதிக்கு அது நன்றாக அமைகிறது. நான்கு வரித் தொகுதியில் இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடைப்பட்ட வெளியில் எண் தொங்குவதைப் பேராசிரியர் விரும்பவில்லை. எண் முடிவு வரிக்கு உரியது, ஆகவே முடிவு வரியில்தான் இருக்க வேண்டும் என்றார். பொதியை அழைக்கும்போதே டிபிடேக்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எண் கடைசி வரிக்கு இறங்கிவிடுகிறது. எண்களை இடது ஓரத்தில் வைக்கும் ஆவணமாக இருந்தால் அதே விருப்பம் எண்ணை முதல் வரியில் வைக்கும். ஆவணம் முழுவதும் ஒரே சொல்லால் சீராகிவிட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அலைவழிகாட்டிகளைப் பற்றிய அத்தியாயத்தில் அந்த மகிழ்ச்சிக்குத் தடை வந்தது. அங்கே ஒரு வருவிப்பு பதினொரு வரி நீளம் கொண்டது. ஸ்ப்ளிட்டில் உள்ள வரிகள் எல்லாம் சேர்ந்து உடைக்க முடியாத ஒரே பெட்டி ஆகிவிடுவதால், பக்கத்தின் அடியில் இடம் போதாதபோது தொகுதி மொத்தமாக அடுத்த பக்கத்துக்குச் சென்று, முந்தைய பக்கத்தின் கீழே மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடந்தது. எழுத்தைச் சுருக்கியும் பத்திகளை இடம் மாற்றியும் பார்த்தோம். முன்னால் எங்காவது ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ மறுபடியும் அதே நிலைதான். கடைசியில், ஐந்து வரிக்கு மேற்பட்ட வருவிப்புகளை எல்லாம் அலைனுக்கே திருப்பிக் கொண்டுவந்து, எண் வேண்டாத ஒவ்வொரு வரியின் முடிவிலும் நோடேக் கட்டளையை இட்டு, கோப்பின் முகப்பில் அலௌடிஸ்ப்ளேபிரேக்ஸ் கட்டளையைச் சேர்த்தோம். அலைனின் வரிகளுக்கு இடையே பக்கம் உடைய அந்தக் கட்டளை அனுமதி தருகிறது. அனுமதி கொடுத்ததும் வேறொரு குறை முளைத்தது: முடிவு வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. இறுதிக்கு முந்தைய வரியின் முடிவில் \\ குறியோடு ஒரு விண்மீன் குறியைச் சேர்த்து \\* என்று எழுதினால் அந்த இடத்தில் மட்டும் பக்கம் உடையாது. ஆக, முடிவு வரிக்குத் துணையாக குறைந்தது ஒரு வரியாவது உடன் செல்லும்படி எல்லா நீண்ட வருவிப்புகளிலும் இதைச் செய்தோம்.

வருவிப்பின் நடுவே "இங்கு மின்னூட்டம் இல்லை என்பதால்" என்பது போன்ற ஒரு சொற்றொடர் வரும் இடங்களில் அலைனை மூடித் திறந்தால் மேலும் கீழும் சமக்குறிகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. இன்டர்டெக்ஸ்ட் கட்டளை சூழலை மூடாமலேயே இடையில் உரைநடையை அனுமதிக்கிறது. அது விடும் இடைவெளி சற்று அதிகமாகத் தோன்றியதால் மேத்டூல்ஸ் பொதியின் ஷார்ட்இன்டர்டெக்ஸ்ட் கட்டளைக்கு மாறினோம்.

நான் மிகவும் ஈடுபாட்டோடு செய்த பகுதி மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கையும் அமைத்ததுதான். பேராசிரியரின் தேவை தெளிவானது: நான்கையும் சேர்த்துச் சொல்லும்போது "மேக்ஸ்வெல் சமன்பாடுகள் (2.5)" என்று ஓர் எண்; தனித்தனியே சொல்லும்போது அதே எண்ணின் உட்பிரிவுகள். சப்ஈக்யுவேஷன்ஸ் சூழல் இதற்காகவே உள்ளது. அதைத் திறந்து உள்ளே அலைனை எழுதினால் வரிகளுக்கு ஒரே மூல எண்ணும் அதனைத் தொடர்ந்து ஆங்கிலச் சிற்றெழுத்தும் கிடைக்கும். தொகுதிக்கான லேபிளை (பின்னர் சுட்டுவதற்காக நாம் இடும் பெயரை), சூழலைத் திறந்த உடனே, அலைன் தொடங்குவதற்கு முன் இட வேண்டும். அலைனுக்குள் இடப்படும் லேபிள்கள் அந்தந்த வரிக்கு உரியவை. வரிக்கான லேபிள் அந்த வரியின் \\ குறிக்கு முன்னால் வர வேண்டும். ஒரே வரிக்கு இரண்டு லேபிள்கள் வந்தால் ஒன்று இழக்கப்படும் என்று பொதியே பிழைச்செய்தி தருகிறது.

எல்லாம் முறைப்படி எழுதியும், மெய்ப்பில் நான்கு வரிகளுக்கும் (2.5), (2.5), (2.5), (2.5) என்றே அச்சாகியிருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. சூழலையும் லேபிள்களையும் திரும்பத் திரும்பச் சோதித்ததில் பலன் கிட்டவில்லை, ஏனெனில் குறை அங்கே இல்லை. ஏஎம்எஸ்மேத் எண்ணை அச்சிடுவது கணித எழுத்துருவில் அல்ல, உரைநடைக்கான முதன்மை எழுத்துருவில். நாங்கள் முதன்மை எழுத்துருவாக வைத்திருந்த தமிழ் எழுத்துருவில் எண்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்தை ஸீலாடெக் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் அந்த எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்று ஒரு வரி எழுதி வைக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை யார் பார்ப்பார்கள்? டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அளவுருவை 3 என்று அமைத்தால், இப்படி எழுத்து விடுபடும் ஒவ்வோர் இடத்திலும் கோப்பு பிழைச்செய்தியோடு நிற்கும்; 2021-ஆம் ஆண்டு டெக் லைவிலிருந்து இந்த வசதி இருக்கிறது. தமிழில் லாடெக் பயன்படுத்தும் எவரும் முதல் வரியிலேயே இதைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சேர்த்த உடனே இன்னொன்றும் பிடிபட்டது. சமன்பாட்டுக்குள், உரைச் சொற்களுக்கான டெக்ஸ்ட் கட்டளையின்றி நேரடியாக எழுதப்பட்டிருந்த "மொத்தம்", "உள்ளே" போன்ற தமிழ்ச் சொற்களும் கணித எழுத்துருவில் இடமில்லாமல் காணாமற்போயிருந்தன.

ஆங்கில எழுத்துகளும் உள்ள வேறோர் எழுத்துருவுக்கு மாறியிருந்தால் உட்பிரிவுச் சிக்கல் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் தமிழ்ப் பாடக்குறிப்பில் உட்பிரிவுகளும் அ, ஆ, இ, ஈ என்றே வருவது பொருத்தம் என்று இருவரும் கருதினோம். இதற்கான மாற்றம் சிறியது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய உயிரெழுத்தைத் தரும் கட்டளை ஒன்றை, எண்ணுக்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இஃப்கேஸ் கொண்டு எழுதினேன். இஃப்கேஸ் சுழியிலிருந்து எண்ணத் தொடங்குவதால் முதல் இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டாம் இடத்திலிருந்து அ, ஆ, இ என அடுக்க வேண்டும். அடுத்து, சமன்பாட்டு எண்ணின் தோற்றத்தை மாற்றி எழுத வேண்டும். மூல எண், அதனை அடுத்து இந்த உயிரெழுத்து. இதைக் கோப்பின் முகப்பில் எழுதினால் பயனில்லை. சப்ஈக்யுவேஷன்ஸ் திறக்கும்போது எண்ணின் தோற்றத்தைத் தானே மறுபடி வரையறுத்துக்கொள்கிறது. நாம் முன்னரே எழுதியது அங்கே அழிந்துபோகிறது. ஆகவே சப்ஈக்யுவேஷன்ஸைத் திறந்து, உடனே எண்ணின் தோற்றத்தை மாற்றி, முடிவில் மூடும் புதிய சூழல் ஒன்றை உருவாக்கி, எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்தினோம். காஸ் விதி (2.5அ), காந்தத் தனிமுனை இல்லை என்பது (2.5ஆ), ஃபாரடே விதி (2.5இ), ஆம்பியர்–மேக்ஸ்வெல் விதி (2.5ஈ) என்று வரிசையாக அச்சில் வந்ததைப் பார்த்தபோது அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் பெரிதாகத் தோன்றவில்லை.

எண்ணிடுதல் ஒழுங்கான பிறகு சுட்டுதலுக்கு வந்தோம். ரெஃப் கட்டளை எண்ணை மட்டும் தரும். அடைப்புக்குறிகளை நாமே இட வேண்டும். ஈக்யுரெஃப் அடைப்புக்குறிகளோடு தருவதுடன், சுற்றிலும் உள்ள உரை சாய்வெழுத்தில் இருந்தாலும் எண்ணை நேரெழுத்திலேயே வைக்கிறது. "சமன்பாடு" என்ற சொல் ஒரு வரியின் முடிவிலும் எண் அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரியாமல் இருக்க இரண்டுக்கும் இடையே ~ குறியை இட்டோம். இவ்வளவும் எந்த மொழிக்கும் பொதுவானவை.

தமிழுக்கே உரிய சிக்கல் எண்ணுக்குப் பின்னால் வரும் உருபு. "(2.5இ)-ஐ", "(2.5இ)-இலிருந்து", "(2.5இ)-உடன்" என்று சிறு கோடு போட்டு எழுதுகிறோம். அந்தச் சிறு கோட்டுக்குப் பின் வரியை உடைக்கலாம் என்று லாடெக் எடுத்துக்கொள்வதால், ஒரு வரியின் கடைசியில் "(2.5இ)-" என்றும் அடுத்த வரியின் முதலில் "ஐ" என்றும் வந்து நின்றன. ஒற்றை எழுத்து வரியின் தலையில் தனித்து நிற்பது படிப்பவரை ஒவ்வொரு முறையும் இடறவைக்கும். ஏஎம்எஸ்மேத்திலேயே இதற்கு மருந்து உண்டு: நோபிரேக்டேஷ் கட்டளையைச் சிறு கோட்டுக்கு முன்னால் இட்டால் அந்த இடத்தில் வரி உடையாது. ஒவ்வோர் இடத்திலும் இதைத் தட்டச்சு செய்வது கடினம் என்பதால், லேபிளையும் உருபையும் தனித்தனி உள்ளீடுகளாக ஏற்று, "எண், உடையாத கோடு, உருபு" என்று அச்சிடும் ஒரு குறுங்கட்டளையை வரையறுத்தோம். கோப்பு முழுவதிலும் சுட்டுகள் இப்போது அதன் வழியாகவே செல்கின்றன. நாளை யாரேனும் கோடு வேண்டாம், உருபை நேராக ஒட்டுங்கள் என்று சொன்னால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இதற்கு முன் கிளெவரெஃப் பொதியை முயன்று பார்த்தோம். சுட்டப்படுவது சமன்பாடா, படமா, அட்டவணையா என்பதை அது தானே அறிந்து அதற்குரிய சொல்லையும் சேர்த்துத் தரும். சொற்களைத் தமிழில் கொடுக்கவும் வழி உண்டு. பல எண்களை ஒன்றாகச் சுட்டும்போது வரிசைப்படுத்திச் சுருக்கியும் தரும். சிறந்த கருவிதான். எனினும் அது தருவது "சமன்பாடு (2.7)" என்ற மாறாத வடிவம். "சமன்பாட்டிலிருந்து", "சமன்பாட்டை", "சமன்பாட்டுடன்" என்று வாக்கியத்துக்கேற்ப மாறும் தமிழ்ச் சொல்லுக்கு அதில் இடமில்லை. வேற்றுமைக்கு ஒரு கட்டளை என்று வரையறுக்கத் தொடங்கியதும் எழுதுபவருக்குச் சுமை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே அதை நீக்கிவிட்டுச் சொல்லைக் கையால் எழுதும் வழக்கத்துக்கே திரும்பினோம்.

எந்தெந்தச் சமன்பாட்டுக்கு எண் தர வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. சுட்டப்படாத சமன்பாட்டுக்கு எண் எதற்கு என்பது என் தொடக்க நிலைப்பாடு. மேத்டூல்ஸ் பொதியின் ஷோஒன்லிரெஃப்ஸ் என்ற அமைப்பு இதைத் தானே செய்கிறது: ஈக்யுரெஃப் கொண்டு சுட்டப்பட்டவற்றுக்கு மட்டும் எண் அச்சாகும், மற்றவை எண்ணின்றி வரும். அதை இயக்கியதும் பக்கங்கள் கண்ணுக்கு இதமாகத் தெளிந்தன. நோடேக் கட்டளைகளை ஒவ்வொன்றாக இட வேண்டிய வேலையும் இல்லாமற்போனது. ரெஃப் கொண்டு சுட்டியவற்றை அது கணக்கில் எடுப்பதில்லை என்பதையும், எண்கள் நிலைபெற கோப்பைக் கூடுதலாக ஒரு முறை இயக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

பேராசிரியர் இதை ஏற்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து "எட்டாம் பக்கத்தில் மேலிருந்து மூன்றாவதாக உள்ள சமன்பாடு" என்று கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது என்றார். ஆசிரியர் எதைச் சுட்டுகிறார் என்பது மட்டும் கணக்கல்ல, படிப்பவர் எதைச் சுட்ட விரும்புவார் என்பதும் கணக்கு என்பது அவருடைய வாதம். இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1989-இல் ஃபிஸிக்ஸ் டுடே இதழில் எழுதிய கட்டுரையில், தனியே காட்டப்படும் சமன்பாடுகள் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும் என்று இதே காரணத்தைக் கொண்டு வலியுறுத்தியிருக்கிறார். பாடக்குறிப்பைப் பொறுத்தவரை அந்த வாதம் சரியானது என்று இப்போது நானும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் நாங்கள் பின்பற்றியது இதுதான்: வருவிப்பின் இடைவரிகளுக்கு எண் இல்லை, ஒவ்வொரு வருவிப்பின் முடிவுக்கும், தனியே நிற்கும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும், சுட்டப்பட்டாலும் சுட்டப்படாவிட்டாலும், எண் உண்டு. ஷோஒன்லிரெஃப்ஸ் வைத்துக்கொண்டே, சுட்டப்படாதவற்றின் லேபிள்களை நோஈக்யுரெஃப் கட்டளைக்குக் கொடுத்து எண் வரவழைக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனதால் அந்த அமைப்பையே கைவிட்டு நோடேக்குக்குத் திரும்பினோம்.

அதே கட்டுரையின் இன்னொரு யோசனையையும் எடுத்துக்கொண்டோம்: எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அந்தச் சமன்பாடு எதைச் சொல்கிறது என்பதையும் ஓரிரு சொற்களில் சேர்த்துச் சொல்வது. "(2.5இ)-க்குக் கர்ல் எடுத்தால்" என்று இருந்தது இப்போது "ஃபாரடே விதி (2.5இ)-க்குக் கர்ல் எடுத்தால்" என்று ஆகியிருக்கிறது. மாணவர் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டாமலேயே தொடர்ந்து படிக்க முடிகிறது.

ஆறாம் அத்தியாயத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடு ஒன்றை மாணவரின் வசதிக்காக மீண்டும் முழுமையாக எழுத வேண்டியிருந்தது. புதிய எண் கொடுத்தால் ஒரே சமன்பாட்டுக்கு இரண்டு எண்கள் வந்து குழப்பம் மிகும். எண்ணை நாமே கொடுக்க உதவும் டேக் கட்டளைக்குள் ரெஃப் கட்டளையை வைத்து, பழைய லேபிளைக் கொடுத்தால் (2.5ஈ) என்ற பழைய எண்ணே அங்கும் அச்சாகும். இரண்டாம் அத்தியாயத்தில் எண் மாறினால் இங்கும் மாறும்.

சரிபார்ப்புக்கு ஷோகீஸ் பொதி பெரிதும் உதவியது. ஒவ்வொரு சமன்பாட்டின் ஓரத்திலும் அதன் லேபிளையும், சுட்டும் இடங்களில் சுட்டப்படும் லேபிளையும் அது அச்சிட்டுக் காட்டும். லேபிள்களை நாங்கள் "சம:அலை-மின்புலம்", "சம:ஃபாரடே" என்று தமிழிலேயே வைத்திருந்ததால் முதலில் ஓரத்தில் வெற்றுப் பெட்டிகள் மட்டுமே வந்தன. ஷோகீஸ் லேபிள்களைத் தட்டச்சுப்பொறி எழுத்துருவில் அச்சிடுவதே காரணம். சமஅகல எழுத்துருவாகவும் ஒரு தமிழ் எழுத்துருவை அமைத்ததும் லேபிள்கள் தெரிந்தன. அந்தப் படியை எடுத்துக்கொண்டு பேராசிரியர் பேனாவோடு அமர்ந்து, ஒவ்வொரு சுட்டும் உரிய இடத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தார். காணாத லேபிளுக்கு லாடெக் இரண்டு வினாக்குறிகளை அச்சிட்டு எச்சரிக்கும். ஒரே லேபிள் இருமுறை வந்தாலும் எச்சரிக்கும். ஆனால் தவறான, அதே சமயம் இருக்கின்ற ஒரு லேபிளைச் சுட்டியிருந்தால் எந்த மென்பொருளும் சொல்லாது. மின்புலத்துக்கான அலைச் சமன்பாட்டைச் சுட்ட வேண்டிய இடத்தில் காந்தப்புலத்துக்கானது சுட்டப்பட்டிருந்ததை இப்படித்தான் கண்டோம். லேபிள் பொருள் தரும் பெயராக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. "சம:17" என்று இருந்திருந்தால் நழுவியிருக்கும்.

எண்கள், லாடெக் தானே எழுதிவைக்கும் துணைக் கோப்பின் வழியாகவே சுட்டுகளுக்குச் சென்றுசேர்வதால் ஒரு மாற்றத்துக்குப் பின் கோப்பைக் குறைந்தது இருமுறை இயக்க வேண்டும். லாடெக்எம்கே என்ற கருவி தேவையான அளவு தானே இயக்கிக்கொள்கிறது. அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியிருந்தால், பழைய எண்களோடு வந்த மெய்ப்பை அச்சிட்ட காகிதம் மிச்சமாகியிருக்கும். பிடிஎஃப் கோப்பில் எண்ணைத் தொட்டால் சமன்பாட்டுக்குச் செல்லும் வசதிக்காக ஹைப்பர்ரெஃப் பொதியைக் கடைசியில் சேர்த்தோம்.

அடுத்ததாகத் தொடங்கவிருக்கும் ஒளியியல் குறிப்பில் சில மாற்றங்களை முதல் நாளே செய்யப்போகிறேன். டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் முதல் வரியில் இருக்கும். உயிரெழுத்து உட்பிரிவுச் சூழலும் உருபுக் குறுங்கட்டளையும் தனிக் கோப்பில் இருக்கும். இரண்டு குறிப்புகளும் அதையே அழைக்கும். ஐந்து வரிக்கு உட்பட்டவை ஸ்ப்ளிட், அதற்கு மேற்பட்டவை அலைன் என்பதைத் தட்டச்சு செய்யும்போதே பின்பற்றினால், பிறகு சூழல்களை மாற்றி எழுதும் வேலை இருக்காது. ஃப்ரெனெல் சமன்பாடுகளில் இரு முனைவாக்க நிலைகளுக்கும் எதிரொளிப்பு, ஊடுருவல் என நான்கு வரிகள் வரும். அவற்றை ஒரே தொகுதியாக அ முதல் ஈ வரை வைப்பதா, நிலைக்கு ஒரு தொகுதியாக இரண்டாகப் பிரிப்பதா என்பதைப் பேராசிரியரோடு பேசி முடிவு செய்த பிறகே அந்த அத்தியாயத்தின் லேபிள்களை எழுதத் தொடங்க வேண்டும்.